பழைய மாருதி 800-ஐத் தாழ்த்துவதற்கு முன் அளக்க வேண்டியவை

1997-இல் பதிவான மாருதி 800-ஐ இரண்டு அங்குலம் தாழ்த்த விரும்புவதாகவும், நான்கு ஸ்பிரிங்குகளிலும் ஒன்றரைச் சுற்று வெட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று பட்டறையில் சொல்வதாகவும் எழுதி, அப்படிச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங்கை வெட்ட வேண்டாம். இரண்டு அங்குலமும் வேண்டாம். தேய்ந்த புஷ்களையும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகள்) ஷாக் அப்சார்பர்களையும் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குபவை) முதலில் மாற்றிவிட்டு, அதற்கென்றே செய்த ஸ்பிரிங்குகளைப் போட்டால், இந்தக் காரை 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை முறையாகத் தாழ்த்தலாம். அதற்கு மேல் ஏன் போகக் கூடாது என்பதைக் காரணத்தோடு சொன்னால்தான் பட்டறையில் நீங்கள் உறுதியாகப் பேச முடியும் என்பதால், பதில் சற்று நீள்கிறது.

1986-இல் வந்த உடலமைப்பு முதல் 2014-இல் உற்பத்தி நின்றது வரை, 800-இன் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களை உடலோடு இணைத்துத் தாங்கும் அமைப்பு, அடிப்படையில் ஒன்றே. முன்பக்கம் மக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண். கீழே சக்கரத்தை உடலோடு சேர்க்கும் ஒற்றை லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்வது ஸ்டெபிலைசர் பார். பின்பக்கம் ஒரே துண்டான ஆக்சில். அதை இழுத்துப் பிடிக்க இருபுறமும் டிரெயிலிங் லிங்க், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க லேட்டரல் ராட், சுமையைத் தாங்கச் சுருள் ஸ்பிரிங், தனியாக ஷாக் அப்சார்பர். காரின் எடை சுமார் 650 கிலோ, வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 2,175 மி.மீ., டயர் 145/70 ஆர்12, கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 170 மி.மீ. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த எண்களைப் பிடித்தே வருகின்றன.

தாழ்த்துவதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் இடையே தெரியும் இடைவெளியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கணக்கில் எடுக்க வேண்டியது வேறொன்று. கார் சமதளத்தில் நிற்கும்போது, சக்கரம் இன்னும் எவ்வளவு மேலே ஏறினால் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் தடுப்பில் முட்டும்? அந்தத் தூரம்தான் சஸ்பென்ஷனுக்குக் கிடைத்திருக்கும் வேலை இடம். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி உடலை இறக்கினால், இறக்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த இடத்திலிருந்துதான் குறைகிறது. ஷாக் அப்சார்பரின் நீளமோ தடுப்பு இருக்கும் இடமோ மாறுவதில்லை.

எடுத்துக்காட்டுக்காக அந்தத் தூரம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்; உங்கள் காரில் எவ்வளவு என்பதை அளக்கும் முறையைப் பின்னால் சொல்கிறேன். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது சக்கரம் மேலே தள்ளப்படுகிறது. அந்த ஆற்றலை ஸ்பிரிங் உள்வாங்கிக்கொள்கிறது. நிற்கும் நிலையிலிருந்து மேலே போகப் போக ஸ்பிரிங் கூடுதலாக உள்வாங்கும் ஆற்றல், அதன் விறைப்புக்கும் தூரத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப அமைகிறது. அப்படியானால், 25 மி.மீ. இறக்கி 55 மி.மீ. மட்டும் மீதம் வைத்தால், அதே பள்ளத்தை முட்டாமல் தாண்ட ஸ்பிரிங் 2.1 மடங்கு விறைப்பாக வேண்டும். நீங்கள் கேட்டபடி இரண்டு அங்குலம், அதாவது 50 மி.மீ. இறக்கினால் மீதம் 30 மி.மீ.; தேவையான விறைப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு. ஏழு மடங்கு விறைத்த ஸ்பிரிங்கில் 650 கிலோ கார் ஓடவே ஓடாது, துள்ளத்தான் செய்யும். ஆகவே இரண்டு அங்குலம் இறங்கிய 800 எதுவானாலும், அது ஸ்பிரிங்கின் மேல் பாதியும் பம்ப் ஸ்டாப்பின் மேல் பாதியுமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போது வெட்டுவதால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும், வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் நான்கரை மீதம். விறைப்பு 6-ஐ 4.5-ஆல் வகுத்தால் வரும் 1.33 மடங்கு. ஏழு மடங்கு தேவைப்படும் இடத்தில் ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. வெட்டிய ஸ்பிரிங் போட்ட கார் வேகத்தடையில் டமார் என்று அடிப்பதற்கு இதுவே முழுக் காரணம். ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று சொல்வது தவறு, அது போதுமான அளவு கடினமாகவில்லை என்பதே உண்மை. அடி விழுவது தடுப்பின் மேல்.

வெட்டுவதைவிட மோசமானது, கேஸ் வெல்டிங் நெருப்பை ஸ்பிரிங்கின் மேல் காட்டி, சிவக்கச் சிவக்க அதை அமர வைப்பது. ஸ்பிரிங் எஃகு கடினப்படுத்தப்பட்டு, பிறகு குறிப்பிட்ட வெப்பநிலையில் பதப்படுத்தப்பட்டது. அதைச் சிவக்கச் சூடேற்றும் கணத்திலேயே அந்தப் பதம் போய்விடுகிறது. சூடுபட்ட இடம் மென்மையாகி நாளடைவில் மேலும் மேலும் அமரும். சட்டென்று குளிர்ந்த இடம் நொறுங்கும் தன்மை பெற்று முறியும். எங்கே எவ்வளவு சூடு பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், வலது ஸ்பிரிங்கும் இடது ஸ்பிரிங்கும் ஒருபோதும் ஒரே மாதிரி இருக்காது. அப்படிச் செய்கிற பட்டறையில் காரை விடாதீர்கள்.

வெட்டிய ஸ்பிரிங்கில் இன்னொரு ஆபத்து, சக்கரம் கீழே தொங்கும்போது வெளிப்படுகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கும்போதும், உயரமான தடையைத் தாண்டி சக்கரம் காற்றில் இறங்கும்போதும், ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கும் நீள்கிறது. அந்த நீளத்துக்கு ஈடுகொடுக்கும் அளவு ஸ்பிரிங் நீளமாக இல்லாவிட்டால் அது தன் இருக்கையில் தளர்ந்துவிடும். முன்பக்கத்தில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டைச் சுற்றி இருப்பதால் சுழன்று தவறான இடத்தில் அமரும். பின்பக்கத்தில் ஷாக் வேறு, ஸ்பிரிங் வேறு என்பதால் இடம் பெயர்ந்து முழுதாக வெளியே வரவும் கூடும். எந்தத் தாழ்ந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும், காரைத் தூக்கி நான்கு சக்கரங்களையும் தொங்கவிட்டு, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கையில் ஆடினால் அது பொருத்தமான ஸ்பிரிங் அல்ல.

இது இலேசான கார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பேர் ஏறினால் 325 கிலோ. காரின் எடையில் சரிபாதி. 1,300 கிலோ எடையுள்ள காரில் அதே ஐந்து பேர் கால் பங்குதான். அதனால் 800-இல் ஆள் ஏறியவுடன் ஏற்படும் இறக்கம், குறிப்பாகப் பின்பக்கத்தில், பெரிய காரில் ஏற்படுவதைவிட விகிதத்தில் மிக அதிகம். வீட்டில் மூன்று பேரைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து, வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்னும் பின்னும் டேப்பால் அளந்து பாருங்கள். ஆளில்லாத அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நீங்கள் இறக்க நினைத்திருக்கும் தூரத்தோடு கூடச் சேர்ந்து கழிய வேண்டியது. தனியாக மட்டுமே ஓட்டும் காருக்கும், குடும்பத்தோடு ஊருக்குப் போகும் காருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாததும் இதனால்தான். உங்கள் கார் இரண்டாவது வகை என்றால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

வேகத்தடைகளைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்தியச் சாலைக் குழுமத்தின் தரப்படி அமையும் வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்டது. அதன் மேல் 2,175 மி.மீ. வீல்பேஸ் கொண்ட கார் நிற்கும்போது, இரு சக்கரங்களுக்கு நடுவே தரை மேலெழும் அளவு சுமார் 35 மி.மீ. தான். 170-இல் 35 போனால் 135. இங்கே 50 மி.மீ. இறக்கினாலும் அடி தட்டாது. ஆனால் நம் தெருக்களில் குடியிருப்போர் தாங்களாகவே போட்டுக்கொள்ளும் தடைகள் அப்படி இருப்பதில்லை. இரண்டு கை அகலத்துக்குக் கான்கிரீட்டைக் குவித்து 100 மி.மீ. உயரம் வைத்தால், அந்த நூறும் அப்படியே கிளியரன்ஸில் கழிகிறது. 170-இல் 100 போய், இறக்கிய 50-உம் போனால் மீதம் 20 மி.மீ.; ஆட்கள் ஏறிய இறக்கத்தை இன்னும் சேர்க்கவில்லை. முன்சக்கரம் தடையிலிருந்து இறங்கும் வேகத்தில் முகப்பு அமுங்குவதையும் சேர்த்தால், சைலன்சர் குழாயும் எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியும் (சம்ப்) தரையில் இடிப்பது உறுதி. 25 மி.மீ. இறக்கத்தில் மீதம் 45 மி.மீ.; தனியாக ஓட்டும்போது மெதுவாகத் தாண்டிவிடலாம், முழு ஆளோடு சாய்வாக ஏற்றித்தான் தாண்ட வேண்டும்.

தாழ்த்தினால் வளைவில் கார் நன்றாகப் பிடிக்கும் என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பங்கு உண்மை உண்டு. ஆனால் அந்தப் பங்கு சிறியது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 25 மி.மீ. இறக்கம் என்பது நாலரை சதவீதம். வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் சுமையும் ஏறத்தாழ அந்த அளவுதான் குறையும். மறுபுறம், மக்பெர்சன் ஸ்ட்ரட்டில் உடல் இறங்கும்போது லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையோடு ஒப்பிட மேலே போகிறது. அதனால் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், ஈர்ப்பு மையம் இறங்குவதைவிடக் கூடுதலாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் வளர்வதால், பழைய ஸ்பிரிங்கின் விறைப்பையே வைத்துக்கொண்டு உயரத்தை மட்டும் குறைத்தால் உடல் முன்னைவிட அதிகமாகச் சாயவும் செய்யும். ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேல்நோக்கிச் சரியும் அளவுக்கு இறக்கிவிட்டால், சாயும்போது வெளிச்சக்கரத்தின் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) மாற்றமும் நமக்கு உதவாது. தாழ்த்திய காரை ஓட்டியவர்கள் உணரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி, விறைப்பான ஸ்பிரிங்காலும் புதிய ஷாக்காலும் வந்தது. அந்த இரண்டையும் உயரம் குறைக்காமலே அடையலாம்.

முன்சக்கரங்களின் கோணங்களில் 800-இல் சரிசெய்யக் கூடியது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) ஒன்றுதான்; கேம்பருக்கும் காஸ்டருக்கும் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) தொழிற்சாலை எந்த ஏற்பாடும் வைக்கவில்லை. உடல் இறங்கும்போது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் லோயர் ஆர்மின் சாய்வும் ஒரே அளவில் மாறாததால் டோ கண்டிப்பாக மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஒரு ஓரம் வழித்தெடுத்தது போல ஆகிவிடும். ஆக்சில் ஷாஃப்டின் கோணமும் மாறும் என்பதால், அதன் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறையில் (பூட்) ஏற்கெனவே வெடிப்பு இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

பின்பக்கத்தில் லேட்டரல் ராடைப் பற்றி வீண் பயம் ஒன்று நிலவுகிறது. ராடின் ஒரு முனை உடலிலும் மறுமுனை ஆக்சிலிலும் இருப்பதால், உடல் இறங்கும்போது ஆக்சில் ஒரு பக்கமாக நகரும் என்பது சரிதான். அளவைக் கணக்கிட்டால், 700 மி.மீ. நீளமுள்ள ராடின் முனை 30 மி.மீ. நகர்வதில் ஏற்படும் பக்கவாட்டு மாற்றம், ராட் கிட்டத்தட்டக் கிடைமட்டமாக இருக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 25 மி.மீ. இறக்கத்துக்காக நீளம் மாற்றக் கூடிய ராடைச் செய்து போடச் சொன்னால் அந்தச் செலவு தேவையில்லை. அந்தப் பணத்தில் ராடின் இரு முனைப் புஷ்களையும் மாற்றுங்கள். அவை தேய்ந்திருந்தால் ஆக்சில் அதைவிடப் பல மடங்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

உண்மையில் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான். கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிய காரில் ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் ரப்பர், லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், டிரெயிலிங் லிங்க் புஷ் ஆகிய எல்லாமே தன் ஆயுளைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாவற்றிலும் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டெபிலைசர் பார் புஷ். மற்ற பல கார்களில் அந்த பார் சாய்வைக் குறைக்க மட்டுமே உதவும். 800-இல் அதுவே முன்சக்கரத்தை முன்பின்னாகப் பிடித்திருக்கும் உறுப்பு. புஷ் தளர்ந்திருந்தால் பிரேக் போடும் ஒவ்வொரு முறையும் சக்கரம் பின்னுக்குப் போய், விட்டவுடன் முன்னுக்கு வரும். ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, முன்சக்கரத்தை முன்னும் பின்னும் பலமாக உலுக்கிப் பாருங்கள். ‘டொக்’ என்று ஒரு சத்தமும் மட்கார்டுக்குள் கண்ணுக்குத் தெரியும் அசைவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் அதுவே. இந்தத் தளர்ச்சியோடு விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால், கார் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட சாலையிலும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும்.

துருவையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். விறைத்த ஸ்பிரிங்கும் அடிக்கடி முட்டும் தடுப்பும், முன்பு சுருளில் அடங்கிய விசையை நேராக உடலின் தகட்டுக்கு அனுப்புகின்றன. பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனை உடலில் பொருந்தும் ஸ்ட்ரட் டவரின் நட்டுகளைச் சுற்றியும், மட்கார்டுக்குள்ளிருந்து அதே இடத்தின் அடிப்பக்கத்தையும், பின்பக்கத்தில் ஸ்பிரிங்கின் மேல் இருக்கை, டிரெயிலிங் லிங்க் உடலோடு சேரும் இடம் ஆகியவற்றையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கடலோர ஊர்களில் ஓடிய கார் என்றால் மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் அடியில் தகடு பப்படம் போல உடையும். முனை உள்ளே போனால் தாழ்த்தும் திட்டத்தை நிறுத்திவிட்டு வெல்டிங் வேலையைத் தொடங்குங்கள். அந்தக் காருக்கு உயரம் ஒரு பிரச்சினையே அல்ல.

அளப்பதற்கு வருகிறேன். காரைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் குறிப்பிட்ட காற்றழுத்தம் வைத்து, பெட்ரோல் அரை டேங்க் இருக்கும்போது, வீல் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவு பழைய காரில் ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே அமர்ந்திருக்கக் கூடும். பெரும்பாலும் ஓட்டுநர் மட்டும் போய்வந்த காராக இருந்தால் வலதுபக்கம் கூடுதலாக அமர்ந்திருப்பதையும் காணலாம். தாழ்த்த வேண்டும் என்று நினைக்கும் காரே தயாரித்த உயரத்தில் இல்லை என்றால், நீங்கள் இறக்கப்போகும் 25 மி.மீ. எந்த உயரத்திலிருந்து என்பது தெரியாமலேயே வேலை நடக்கும்.

மீதமிருக்கும் பயணத்தை அளக்க, முன் ஸ்ட்ரட்டின் தூசு உறையை மேலே தள்ளி, பளபளப்பான கம்பியில் மெல்லிய கேபிள் டை ஒன்றை இறுக்கமாகக் கட்டி, ஸ்ட்ரட் உடலைத் தொடும்வரை கீழே தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போகும் சாலையில், வழக்கமான ஆட்களோடு, வழக்கமான வேகத்தில் ஒரு சுற்று போய்வாருங்கள். கம்பி உள்ளே போகும்போது ஸ்ட்ரட்டின் வாய் அந்த டையை மேலே தள்ளி, அதிகபட்சமாகப் போன இடத்திலேயே விட்டுவிடும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் இடையே 30 மி.மீ. மீதம் இருந்தால் 25 மி.மீ. இறக்கத்தைப் பற்றிப் பேசலாம், 10 மி.மீ. தான் மீதம் என்றால் இப்போதே முட்டும் நிலைக்கு அருகில் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் கம்பி மறைந்திருப்பதால், தடுப்பு வந்து படும் இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டிவைத்தால், அது நசுங்கிய தடிமனே விடையைச் சொல்லும்.

இவ்வளவும் பார்த்து இறக்குவது என்று முடிவானால், ஸ்பிரிங்கைத் தயாராக வாங்கலாம் அல்லது ஸ்பிரிங் சுருட்டும் தொழிற்கூடத்தில் செய்து வாங்கலாம். செய்யச் சொல்லும்போது கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், வேலை செய்யும் சுற்றுகள், சுமையில்லாத நீளம், இரு முனைகளின் வடிவம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் கொடுங்கள். கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கு என்று மேலே சொன்னது இங்கேதான் பயன்படுகிறது: 10 மி.மீ. கம்பிக்குப் பதில் 11 மி.மீ. கம்பியில் சுருட்டினால் மற்றவை மாறாமலே விறைப்பு 46 சதவீதம் கூடும். 25 மி.மீ. இறக்கத்துக்கு 40 முதல் 50 சதவீதம் கூடுதல் விறைப்பை நான் பரிந்துரைப்பேன். கணக்குப்படி இரு மடங்குக்கு மேல் தேவை என்று மேலே வந்ததே என்று நீங்கள் கேட்கலாம். மீதி வேலையை நல்ல பம்ப் ஸ்டாப்பிடம் கொடுக்க வேண்டும். பழைய கெட்டி ரப்பருக்குப் பதிலாக நுண்துளை பாலியூரித்தேன் தடுப்பைப் போட்டால், அது தன் உயரத்தில் பாதிக்கும் மேல் படிப்படியாக அழுந்தி இரண்டாவது ஸ்பிரிங்காகவே வேலை செய்யும். தடுப்பை வெட்டிக் குட்டையாக்கிப் பயணத்தைக் கூட்டுவது மட்டும் கூடாது. ஷாக்கின் பிஸ்டன் அடித்தட்டில் உலோகத்தோடு உலோகமாக மோதும்.

விறைப்பு கூடினால் ஷாக்கும் அதற்கேற்ப மாற வேண்டும். ஸ்பிரிங் 1.5 மடங்கானால், முன்பிருந்த அதே கட்டுப்பாட்டைப் பெற ஷாக்கின் தடுப்பு விசை அதன் வர்க்கமூலமாகிய 1.22 மடங்கு ஆக வேண்டும். பழைய தேய்ந்த ஷாக்கில் அது எப்படியும் கிடைக்காது. புதிய, சற்றுக் கெட்டியான வாயு நிரப்பிய ஷாக்கைப் போடுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

பார்வைக்கு அந்த இடைவெளிதான் உறுத்துகிறது என்றால், இறக்காமலே அதைக் குறைக்க ஒரு வழி உண்டு. 145/70 ஆர்12 டயரின் விட்டம் சுமார் 508 மி.மீ.; 155/65 ஆர்13 டயரின் விட்டம் சுமார் 532 மி.மீ. இதைப் போட்டால் மட்கார்டு இடைவெளி 12 மி.மீ. குறையும், கிரவுண்ட் கிளியரன்ஸோ 12 மி.மீ. கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 105-ஐ நெருங்கும் என்பதையும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிய நிலையில் உள்மட்கார்டில் உரசுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 13 அங்குல சக்கரத்தோடு 20 மி.மீ. இறக்கம் சேர்ந்தாலே, கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றே கால் அங்குலம் இறங்கியது போலத் தெரியும். அடிப்பகுதி இழந்திருப்பது 8 மி.மீ. மட்டுமே.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தம் கொண்டுவந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத உதிரிபாக மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. உயரம் ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லை, ஆகவே இது பொருந்தாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம், முதலில் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். 15 ஆண்டு முடிந்த உங்கள் கார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.க்குப் போக வேண்டிய கார். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்டது விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு சிக்கலாகும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள்.

பொருத்தும்போது பட்டறைகளில் அடிக்கடி விட்டுவிடும் ஒரு வேலை இருக்கிறது; அருகில் நின்று அதைச் செய்யச் சொல்லுங்கள். டிரெயிலிங் லிங்க், லேட்டரல் ராட், லோயர் ஆர்மின் உள்முனை ஆகியவற்றில் இருப்பது இரும்புக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ். போல்ட்டை இறுக்கும் கணத்தில் ரப்பர் எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே அதன் இயல்பு நிலையாகிவிடும். கார் ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், தரையில் இறக்கியதும் ஒவ்வொரு புஷ்ஷும் முறுக்கப்பட்டு நிற்கும். கார் சற்று உயரமாகவே நிற்கும், ரப்பரும் சில மாதங்களில் கிழிந்துவிடும். ஆகவே போல்ட்டுகளைக் கையளவு மட்டும் திருகிவிட்டு, காரைச் சக்கரங்களில் இறக்கி, முன்னும் பின்னும் நாலைந்து முறை அமுக்கி, சிறிது தூரம் உருட்டி, கார் தன் எடையில் நிற்கும்போது குழியில் இறங்கி இறுதியாக இறுக்க வேண்டும். அதன் பிறகே அலைன்மென்ட். புதிய ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் அமரும் என்பதால் 500 கிலோமீட்டர் ஓடிய பின் நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து, முதல் அளவுகளோடு ஒப்பிட்டு, டோவை இன்னொரு முறை சரிபாருங்கள். முன் ஸ்ட்ரட்டில் கட்டிய கேபிள் டையையும் அப்போது ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அது தடுப்பைத் தொட்டிருந்தால் அந்தச் சாலைக்கு இந்த உயரம் ஒத்துவரவில்லை, 10 மி.மீ. ஏற்ற வேண்டும்.